க்ரைம் நாவலுக்கென்று ஒரு சின்னப் பதிப்பகம்: முதல் இரண்டு புத்தகங்களின் வேலைக் குறிப்பு

மதுரையில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பதிப்பகம் நடத்துகிறோம். க்ரைம், திகில், அறிவியல் புனைகதை, இந்த மூன்றும்தான் போடுவோம். கூட்டாளி என் பெரியம்மா மகள். பத்திரிகையில் துணையாசிரியராக நிறைய வருடம் இருந்தவர். கதையை அக்கா பார்க்கிறார். பக்க வடிவமைப்பு, அச்சகம், பார்சல், கணக்கு எல்லாம் என் பொறுப்பு. ஆளுக்கு 75,000 ரூபாய் போட்டு ஆரம்பித்தோம். இரண்டு நாவல்கள் வந்துவிட்டன, மூன்றாவது பிழைதிருத்தத்தில் இருக்கிறது. இதே எண்ணத்தோடு இருக்கும் நண்பர்கள் அடிக்கடி விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வருடத்துக்கு மேல் வாசகர் கூட்டம் உண்டு. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களை வாங்கித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கப் பழகினோம். அந்த நாவல்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் அவை தேதிக்கும் பக்கக் கணக்குக்கும் எழுதப்பட்டவை. பிரதியை வைத்துக்கொண்டு எழுத்தாளரோடு உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. இலக்கியப் பதிப்பகங்களில் அந்த நேரம் உண்டு, ஆனால் அவை இந்த மாதிரிக் கதைகளை அதிகம் தொடுவதில்லை. தமிழ் க்ரைம் நாவலுக்குக் கற்பனை குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைவாக இருப்பது எடிட்டிங். அதனால் கையில் இருந்த பணத்தில் பெரிய பங்கை எடிட்டிங்குக்கே ஒதுக்குவது என்று முதலிலேயே முடிவெடுத்தோம். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

காகித வேலை

பயப்பட இதில் ஒன்றும் இல்லை. தனிநபர் நிறுவனமாக என் பெயரில் ஆரம்பித்து, உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்து (இலவசம்தான்), அதைக் காட்டி ஒரு நடப்புக் கணக்கு திறந்தோம். பெயர் வைக்கும் முன் வணிகக்குறிப் பதிவேட்டில் 16-ஆம் வகுப்பில் தேடிப் பார்த்தோம். அச்சுப் பொருள்கள் அந்த வகுப்பில்தான் வரும். முன்பிருந்த 1867-ஆம் ஆண்டு அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது பருவ இதழ்களுக்கானது, புத்தகம் அதில் வராது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையம் வழியாகவே தருகிறது. அதற்கும் கட்டணம் இல்லை. இடையில் யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். புத்தகம் வந்ததும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பல சின்னப் பதிப்பகங்கள் இதைச் செய்வதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அந்தக் கால மாத நாவல்களில் எத்தனையோ இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்காமல் போய்விட்டன. நூலகத்தில் ஒன்று இருந்தால் ஐம்பது வருடம் கழித்து யாராவது தேடி எடுப்பார்கள்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் நாம் கட்டும் வரி திரும்பி வராது. அது செலவோடு சேர்ந்துவிடும். விலைப்புள்ளி கேட்கும்போதே வரியோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம்

எழுத்தாளரோடு போடும் ஒப்பந்தம் எங்களிடம் இரண்டு பக்கம், எளிய தமிழில். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்துவிட்டு அக்கா எழுதியது, பிறகு தெரிந்த வக்கீல் ஒருவர் திருத்தித் தந்தார். உரிமையை எழுத்தில்தான் மாற்றிக்கொடுக்க முடியும். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்கு, ராயல்டி எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நாங்கள் வாங்குவது ஐந்து வருடத்துக்கு அச்சும் மின்னூலும் மட்டுமே. சினிமா, வெப் சீரிஸ், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாம் எழுத்தாளரிடமே இருக்கும். க்ரைம் நாவலில் பெரிய காசு வர வாய்ப்பு அங்கேதான் உண்டு. ஒரு பங்காவது கேட்டு வாங்குங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. இருநூறு பிரதி அடிக்கிற பதிப்பகம் அதைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ராயல்டி விலையில் 10 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை அடித்தோம், எத்தனை விற்றோம், கையில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கோடு அனுப்புகிறோம்.

பழைய துப்பறியும் நாவல்களை மறுபதிப்புப் போட்டு ஆரம்பிக்கலாமா என்றும் யோசித்தோம். பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பிறகு 60 வருடம். 1942-இல் மறைந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் 2003-லிருந்தே பொதுவுடைமை. செலவும் குறைவு. ஆனால் எடிட்டிங்குக்காகவே ஆரம்பித்த பதிப்பகம் முதலில் கையெடுக்க வேண்டியது இன்று எழுதுகிறவர்களைத்தான் என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். மறுபதிப்பு பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கதையைப் பிரித்துப் பார்ப்பது

முதல் நாவல் ஒரு கொலை விசாரணை. கதை நடப்பது 2025 மே மாதம், விருதுநகர் பக்கம். அக்கா முதலில் செய்தது, முழுப் பிரதியையும் பேனா எடுக்காமல் ஒரே மூச்சில் படித்தது. எங்கே அலுத்தது, எங்கே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது என்று பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டினோம். மேலே கிழமைகள், பக்கவாட்டில் பாத்திரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் அந்த ஆள் எங்கே இருந்தார், அவருக்கு என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும் என்று பென்சிலில் எழுதினோம்.

சார்ட் பாதி நிறைந்தபோதே ஒன்று தெரிந்துவிட்டது. உடல் கிடைப்பது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. இறந்து 36 மணி நேரம் இருக்கும் என்கிறார் டாக்டர். அப்படியானால் இறந்தது புதன் இரவு. ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் இறந்தவர் வியாழன் மதியம் தம்பிக்குப் போன் செய்து, "சாயங்காலம் வரேன்டா" என்கிறார். எழுத்தாளரைக் கூப்பிட்டோம். டாக்டர் சொல்லும் நேரத்தை மாற்றிவிடலாம் என்று அவர் முதலில் சொன்னார். அக்கா, "அந்தப் போனை அப்படியே வச்சுக்கலாமே தம்பி, பேசினது வேற ஆளா இருந்தா என்ன?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கதையின் இரண்டாம் பாதி மாறியது. இறந்தவர் போனிலிருந்து வேறொருவர் அனுப்பிய குரல் செய்தியாக அது ஆயிற்று, தம்பி அதைக் கேட்ட விதத்தில் இருந்த ஒரு சின்ன சந்தேகமே துப்பு ஆயிற்று. வாசகர்கள் இன்றைக்கு அதிகம் பேசுவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

அதே காட்சியில் உடல் "கட்டையாக விறைத்துக் கிடந்தது" என்று இருந்தது. இறந்த உடல் சுமார் 12 மணி நேரத்தில் முழுக்க விறைக்கும், பிறகு விறைத்த அதே வரிசையில் தளர ஆரம்பிக்கும். வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். மே மாதம், தகரக் கூரை, பூட்டிய அறை, 36 மணி நேரம் என்றால் விறைப்பு போய் உடல் ஊத ஆரம்பித்திருக்கும், தெருவுக்கே நாற்றம் வந்திருக்கும். எழுத்தாளர் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினார். பக்கத்து வீட்டுக்காரம்மா எலி செத்திருக்கும் என்று பினாயில் ஊற்றுகிற வரி அப்படி வந்ததுதான்.

அடுத்து சட்டப் பிரிவுகள். தமிழ் வாசகருக்கு 302 என்றால் கொலை என்று மனப்பாடம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கு இப்போது பிரிவு 103. எஃப்.ஐ.ஆர். போடுவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-இலிருந்து புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-க்கும், சந்தேக மரணத்துக்கான 174 அங்கே 194-க்கும் போய்விட்டன. 2025-இல் நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் "302 போடுய்யா" என்று சொன்னால், போலீஸில் வேலை பார்க்கிற வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். தண்டனைப் பிரிவைப் பொறுத்தவரை, குற்றம் எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதிக்குரிய சட்டம்தான் பொருந்தும். எங்கள் இரண்டாவது நாவலில் 2016-இல் நடந்த கொலையைத் திரும்பத் தோண்டுகிறார்கள். அங்கே 302 அப்படியே இருக்க வேண்டும், இருக்கிறது. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு பிரதிகளையும் படித்துத் தந்தார். ஸ்டேஷனில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், ரைட்டருக்கு (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) என்ன அதிகாரம், எந்தக் கையெழுத்து எங்கே விழும் என்று அவர் ஓரத்தில் எழுதியதெல்லாம் தங்கம். க்ரைம் போடுகிறவர்கள் இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

திகில் கதைக்கு இந்த அளவுக்குச் சரிபார்ப்பு வேண்டாம் என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேயை நம்ப வேண்டுமென்றால் அந்த வீட்டுப் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது முதல் அத்தியாயத்திலும் கடைசி அத்தியாயத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கௌரியும் புள்ளி எழுத்தும்

பிரதிகள் எல்லா வடிவத்திலும் வருகின்றன. போனில் பேசித் தட்டச்சானது, பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியது, ஒருவரிடமிருந்து கையெழுத்துப் பிரதியே வந்தது. பேசித் தட்டச்சானதில் ல, ள, ழ குழப்பம் வரும். அது கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாததுதான் தொல்லை. முதல் நாவலில் கதாநாயகி பெயர் கௌரி. பாதி இடத்தில் அது சரியாக இருந்தது, மீதி இடத்தில் "கெ" என்று அடித்து, பக்கத்தில் "ள" போட்டிருந்தது. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் பாதிதான் கிடைக்கும். துணைக்காலுக்குப் பதில் "ர" விழுந்த இடங்களும் அப்படித்தான். அதனால் வடிவமைப்புக்கு எடுக்கும் முன் இந்த மாதிரி எழுத்துச் சேர்க்கைகளைத் தேடி மாற்றும் ஒரு பட்டியலை ஓடவிடுகிறேன். அப்புறம்தான் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், திறந்த உரிமம் கொண்டது. டெம்மி அளவுக்கு (வழக்கமான நாவல் அளவு) பத்தரை பாயின்ட், வரி இடைவெளி 15.

தமிழ்ச் சொல் நீளம். இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற மாதிரி வரியை இழுத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடம் விழும். சொல்லை உடைத்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் ஆரம்பிக்கக் கூடாது. "கண்டுபிடித்" என்று நிறுத்திக் கீழே "துவிட்டான்" என்று போகலாம். "கண்டுபிடி" என்று நிறுத்தி "த்துவிட்டான்" என்று ஆரம்பித்தால் படிக்கிறவர் நாக்கு இடறும். மென்பொருளுக்கு இது தெரியாது. புள்ளி எழுத்துக்கு முன்னால் உடைக்காமல், இரண்டு பக்கமும் மூன்று எழுத்தாவது நிற்கிற மாதிரி உடைப்புக் குறி வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நண்பர் எழுதித் தந்தார். அதை ஓடவிட்ட பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்க்கிறேன். கடைசி வரியில் "விட்டான்." என்று தனியாகத் தொங்கினால் மேலே எங்காவது ஒரு இடைவெளியை இறுக்கி மேலே ஏற்றிவிடுவேன்.

துப்பறியும் நாவலுக்கென்றே ஒரு வேலை உண்டு. புத்தகத்தைத் திறந்தால் வலது பக்கம் ஒற்றைப்படை எண், இடது பக்கம் இரட்டைப்படை. வாசகர் இடது பக்கம் படிக்கும்போதே கண் ஒரு நொடி வலது பக்கத்துக்குப் போய் வரும். "சுட்டது அண்ணிதான்" என்ற வரி வலது பக்கத்தின் உச்சியில் நின்றால், அதுவரை ஏற்றிய பதற்றமெல்லாம் வீண். அந்த வரி தாளைத் திருப்பிய பிறகு, இடது பக்கத்தில்தான் வர வேண்டும். ஒவ்வொரு நாவலிலும் அப்படிப்பட்ட இடங்களை அக்கா முன்கூட்டியே சிவப்பில் குறித்துத் தந்துவிடுகிறார். ஒரு பத்தியைக் கொஞ்சம் நீட்டியோ, அத்தியாயத் தலைப்புக்கு மேல் இடம் விட்டோ அந்த வரியைத் தள்ளுகிறேன். இரண்டாவது நாவலில் அப்படியும் நகராத ஒரு வரிக்காக எழுத்தாளரே முந்தைய காட்சியில் மூன்று வரி சேர்த்துக் கொடுத்தார்.

பிழைதிருத்தம் மூன்று முறை, மூன்றும் காகிதத்தில். கடைசி முறை பார்ப்பவர் அதற்கு முன் கதையைப் படிக்காதவராக இருக்க வேண்டும். கதை தெரிந்தவர் கண் தானாகவே திருத்திப் படித்துவிடும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பார்க்கத் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். உரையாடலில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டோம். விருதுநகர்க்காரன் பேச்சில் ஒற்று தேட வேண்டியதில்லை.

அச்சகம்

முதல் நாவல் வடிவமைத்து முடித்தபோது 218 பக்கம். ஆஃப்செட் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறை) அச்சக போர்மேனிடம் காட்டினேன். அவர் விரலால் கணக்குப் போட்டுவிட்டு, "தம்பி, ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். 218-னா ஆறு பக்கம் வெள்ளையாத்தான் போகும். ஒண்ணு 224-க்குக் கொண்டுவாங்க, இல்ல 208-க்குச் சுருக்குங்க" என்றார். ஒரு பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கிற பக்கங்களின் தொகுதிதான் ஃபாரம். 224-க்குக் கொண்டுபோய், மீந்த பக்கங்களில் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தைப் போட்டோம். இந்த வகைப் புத்தகங்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

ஆஃப்செட்டில் 1,000 பிரதிக்கு ஒன்று 58 ரூபாய் என்று சொன்னார்கள். டிஜிட்டலில் (தகடு இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே அடிப்பது) 200 பிரதிக்கு ஒன்று 92 ரூபாய். ஒரு பிரதிக்கு 34 ரூபாய் அதிகம் என்று பார்த்தால் ஆஃப்செட்தான் லாபம் போலத் தெரியும். ஆனால் 58,000 ரூபாயை ஒரே புத்தகத்தில் முடக்கி, எழுநூறு பிரதியை வீட்டில் கட்டி வைத்துக்கொண்டு இரண்டாவது புத்தகத்துக்குக் காசில்லாமல் நிற்க வேண்டிவரும். டிஜிட்டல் என்றால் 18,400. எங்களுக்கு அடுத்த புத்தகம் சீக்கிரம் வருவது முக்கியம், அதனால் டிஜிட்டல். டிஜிட்டலுக்கு ஃபாரக் கணக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. இருந்தாலும் பதினாறின் மடங்கிலேயே வைத்திருக்கிறோம், நாளைக்கு ஆயிரம் அடிக்க வேண்டி வந்தால் வடிவமைப்பைத் திரும்பத் தொட வேண்டாம்.

காகிதம் 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ, அதாவது லேசான மஞ்சள் சாயல் உள்ள தாள். வெள்ளைவெளேர் தாளில் இரவு விளக்கில் படித்தால் கண் கூசும். அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. அட்டை ஓவியத்தை வரைய வைத்தே வாங்குகிறோம். ஓவியரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், போன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் தலைப்பு படிக்க வர வேண்டும். திகில் புத்தகம் என்றால் கறுப்பு அட்டையும் மேட் லேமினேஷனும் கேட்கத் தோன்றும். கறுப்பில் மேட் போட்டால் நான்கு பேர் கையில் எடுத்ததுமே விரல் ரேகையும் கீறலும் தெரியும். கடையில் இருந்து திரும்பி வந்தால் புதுசென்று விற்க முடியாது. நாங்கள் கறுப்புக்குப் பதில் ஆழ்ந்த பச்சை எடுத்துக்கொண்டோம்.

புத்தக முதுகின் அகலத்தைக் கணக்குப் போட்டு எடுப்பதைவிட அதே தாளில் ஒரு டம்மி (அச்சில்லாத மாதிரி) கட்டித் தரச் சொல்லி அளந்துவிடுவது நல்லது. எங்களுக்கு 11 மில்லிமீட்டர் வந்தது. பிறகு ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, நடுவில் நன்றாக விரித்து, ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரண்டாவது புத்தகத்துக்கு வேறொரு அச்சகத்தில் மாதிரி வாங்கியபோது தாள் கையோடு வந்தது. பசை சூடு போதவில்லை. திரும்பக் கட்டித் தந்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொன்னோம்.

கணக்கு

224 பக்கப் புத்தகத்துக்கு விலை 280 ரூபாய் வைத்தோம். எடிட்டிங்கும் ஆலோசனையும் 15,000, பிழைதிருத்தம் 5,000, வடிவமைப்பு பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 6,720, அட்டை 6,000. மொத்தம் 32,720. வடிவமைப்பு நானே செய்தாலும் கணக்கில் எழுதுகிறேன். என் வேலையை இலவசம் என்று எழுதிக்கொண்டால் பதிப்பகம் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது.

கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் கையில் வருவது 168. அதில் அச்சு 92, ராயல்டி 28, பார்சல் 8 போக 40 ரூபாய் மிஞ்சும். நேரடியாக 10 சதவீதத் தள்ளுபடியில் விற்றால் 252 வரும், அச்சு, ராயல்டி, உறைச் செலவு 10 போக 122. பாதி கடை, பாதி நேரடி என்று வைத்தால் சராசரி 81. 32,720-ஐ 81-ஆல் வகுத்தால் நானூற்றுச் சொச்சம். ஆக நானூறு பிரதி தாண்டினால்தான் ஒரு நாவல் போட்ட காசை எடுக்கும். முதல் நாவல் இரண்டு முறை 200 அடித்து, மூன்றாவது அடிப்பில் அந்தக் கோட்டைத் தாண்டியது. இரண்டாவது நாவல் இன்னும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால் வரட்டும் என்று விண்ணப்பிக்கிறோம், ஆனால் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை நம்பி விலையும் பக்கமும் தீர்மானிக்க ஆரம்பித்தால் வாசகர் மனசிலிருந்து போய்விடுவார்.

விற்பனையில் எங்களுக்கு நன்றாக வேலை செய்தது முன்பதிவு. அச்சுக்குப் போகும் முன் முதல் அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே க்யூஆர் கோடு. அச்சுச் செலவில் கணிசமான பங்கு அதிலேயே வந்துவிட்டது. தபாலில் பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது சின்னப் பதிப்பகங்கள் எல்லாமே திண்டாடின. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எந்தப் புத்தகத்துக்கு அது பொருந்தும் என்று உங்கள் தபால் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அவசரத்துக்குக் கூரியரும் வைத்திருக்கிறோம். அட்டை முனை மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பெட்டி அட்டை வெட்டி வைத்துத்தான் உறையில் போடுகிறோம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தனி அரங்கு எடுக்கும் வசதி இல்லை. தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தன் அரங்கில் ஒரு தட்டு கொடுத்தார். அங்கே நின்றபோது கவனித்தது, எங்கள் புத்தகத்தை எடுக்கிறவர்கள் இரண்டு வகை. மாத நாவல் படித்து வளர்ந்து இப்போது ஐம்பது வயதைத் தொட்டவர்கள் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் க்ரைம் படித்துவிட்டு இதே மாதிரி நம்ம ஊரில் நடக்கிறது இருக்கிறதா என்று தேடும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதே இன்ஸ்பெக்டர் அடுத்த புத்தகத்துல வர்றாரா?" முதல் நாவல் எழுதியவரிடம் அந்த இன்ஸ்பெக்டரை வைத்து இன்னும் இரண்டு நாவல்களுக்குப் பேசி முடித்திருக்கிறோம். தொடரில் இரண்டாவது வந்தால் முதலாவதும் சேர்ந்து விற்கும், முதலாவதுக்கான எடிட்டிங் செலவு முன்பே முடிந்துவிட்டது. சின்னப் பதிப்பகத்துக்கு இதைவிடப் பெரிய பலம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மின்னூலை அச்சுப் புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்துக் கிண்டிலில் ஏற்றுகிறோம். டெலிகிராமில் திருட்டு பி.டி.எஃப். வந்துவிடுகிறது, பார்க்கும்போதெல்லாம் நீக்கச் சொல்லி எழுதுகிறேன். அப்படிப் படித்த ஒருவர் மன்னிப்புக் கேட்டு 280 ரூபாய் அனுப்பினார். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தோம்.

மூன்றாவது புத்தகம் அறிவியல் புனைகதை, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு முன் வர வேண்டும். அதற்குப் பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். பிரதி அனுப்புகிறவர்களிடம் இப்போது நாவலோடு இரண்டு தாள் கூடுதலாகக் கேட்கிறோம். ஒன்றில் முடிவை மறைக்காமல் முழுக்கதைச் சுருக்கம். இன்னொன்றில் கிழமை வாரியாக யார் எங்கே இருந்தார் என்ற காலவரிசை. இந்த இரண்டாவது தாளை எழுத உட்கார்ந்தபோதே ஓட்டை தெரிந்து, பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சரிசெய்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். நான்காவது புத்தகம் அப்படித் திரும்பி வந்த பிரதிகளில் ஒன்றுதான்.